வாசலில் செருகிய வேப்பிலை

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுக்கு மடிநோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று இந்த ஒலிவாங்கி முன்னால் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை நிலையத்தார், "உங்கள் மனசுக்குப் பிடித்ததைப் பேசுங்கள்" என்று சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அறிவியல் கதை. அதிலும் போர்க் கதை. சேலம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுக்கு மேல் அலைந்தேன். கைப்பையில் ஊசிமருந்தோடு ஒரு கதைப் புத்தகமும் எப்போதும் இருக்கும். ஏற்காட்டுக்கு ஏறுகிற பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டுவதற்குள் எங்கோ ஒரு கிரகத்தில் ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும்.

அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப ஒரு காட்சி வரும். தோற்கப்போகிற நேரத்தில் தளபதி ஒருவர் ஒரு சின்னக் குப்பியை எடுப்பார். உள்ளே கிருமி. "நம்மைத் தவிர இது யாருக்கும் தெரியக் கூடாது" என்பார். எதிரிகள் கொத்துக் கொத்தாக விழுவார்கள். போர் முடியும். அந்த ரகசியத்தைக் காப்பாற்றியவர்தான் கதையில் பெரிய புத்திசாலி. வாழ்நாள் முழுக்கக் கிருமியோடு மல்லுக்கட்டினவளுக்கு இது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

ரகசியம் ஏன் வேண்டும் என்று அந்தத் தளபதி நினைக்கிறார்? அதில் ஒரு கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அணுகுண்டு இருக்கிறது என்று காட்டினால்தான் எதிரி பயப்படுவான். ஒளித்து வைத்த குண்டைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். கிருமி அப்படி இல்லை. இன்ன கிருமி என்று பெயர் தெரிந்துவிட்டால் எதிரி தடுப்பூசி தேடுவான், மருந்து சேர்ப்பான், ஊரை அடைப்பான். ஆகையால் மூடி வைக்க வேண்டும். இதுவரைக்கும் கணக்கு சரி. ஆனால் யாரிடமிருந்து மூடுகிறோம்? எதிரியிடமிருந்து மட்டுமா? நம் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டரிடமிருந்தும்தானே? கதை எழுதுகிறவர்கள் அந்த டாக்டரை மறந்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இதைச் சுற்றிச் சுற்றித்தான் வரப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூரைத் தாண்டி சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். ஒரு பெரியவர் பட்டியில் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. கேட்டேன்.

"பாம்பு கடிச்சுப் போச்சுங்க, டாக்டரம்மா" என்றார்.

"எந்த இடத்துல கடிச்சுது?"

அவர் மகன் முகத்தைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

அன்றைக்கு அந்த ஊருக்கு வந்திருந்த கிராமச் செவிலியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வீட்டு மருமக கையை ஒரு தடவை பாருங்கம்மா" என்றார். போய்ப் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புண். ஓரத்தில் வளையமாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். நடுவில் அணைந்த கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. சுற்றிலும் வீக்கம். அழுத்திப் பார்த்தேன். "வலிக்கலைங்க" என்றாள். வலிக்கவில்லை என்று அவள் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவ்வளவு பெரிய புண் வலிக்காமல் இருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். ஊர்களில் அடைப்பான் என்கிறோமே, அதைத்தான் ஆங்கில மருத்துவத்தில் ஆந்த்ராக்ஸ் என்பார்கள்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. ஆடு சாயங்காலம் மேய்ந்து வந்தது, விடியும்போது செத்துக் கிடந்தது. மூக்கில் கறுப்பாக ரத்தம், உறையாத ரத்தம். அடைப்பானில் செத்த ஆட்டைத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி விதை மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அறுக்காமல் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அவர்கள் தோலை உரித்து, கூறு போட்டு விற்றுவிட்டார்கள். இந்தப் பெண் குடல் கழுவியிருக்கிறாள். சுகாதார நிலையத்து மருத்துவர் கட்டி என்று நினைத்துக் களிம்பு கொடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆடு செத்த கதையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வாங்கித் தின்றவர்கள் சண்டைக்கு வருவார்களே, மிச்ச ஆடு விலை போகாதே என்று வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வீட்டு ரகசியம் முதலில் அந்த வீட்டுப் பெண்ணின் கையில்தான் வந்து உட்கார்ந்தது.

பென்சிலின் ஊசியில் அவள் பிழைத்தாள். அன்று சாயங்காலமே ஊரில் தண்டோரா போடச் சொன்னோம். கறி வாங்கின ஒவ்வொரு வீட்டுக்கும் செவிலியர் நடந்து போனார். பெரியவர்தான் முன்னால் நின்று வீடு காட்டினார். இன்ன வீட்டுக்கு இரண்டு கூறு, இன்ன வீட்டுக்கு ஒரு கூறு என்று ஞாபகமாகச் சொன்னார். பாம்பு என்று சொன்ன அதே வாய்தான். நல்ல மனுஷர்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருந்தது, நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாசலில் ஒரு கொத்து வேப்பிலை செருகுவார்கள். தெருவுக்கே சேதி போய்விடும். வெளியாள் உள்ளே வர மாட்டார். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேப்பிலை எனக்கு ஞாபகம் வரும். வேப்பிலை நோயைக் குணப்படுத்தியதா என்பது வேறு பேச்சு. இந்த வீட்டில் நோய் இருக்கிறது என்று வெட்கப்படாமல் வாசலில் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது அதே அடைப்பான், ஆனால் நாடு வேறு. 1979 ஏப்ரல், சோவியத் ஒன்றியத்தில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரம். இன்றைக்கு அதன் பெயர் எகடெரின்பர்க். அங்கே ராணுவ வளாகம் ஒன்றிலிருந்து அடைப்பான் விதைகள் காற்றில் கசிந்துவிட்டன. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? கெட்டுப்போன இறைச்சி என்றது. நம் பெரியவர் பாம்பு என்றார், அவர்கள் இறைச்சி என்றார்கள். ஆனால் மூச்சு வழியாக வந்த அடைப்பானும் வயிற்று வழியாக வந்த அடைப்பானும் ஒன்றல்ல. உடலைத் திறந்து பார்த்த மருத்துவருக்கு அது தெரிந்துவிடும். ஃபைனா அப்ரமோவா என்ற நோயியல் மருத்துவர் பார்த்தார். உளவுத்துறை ஆஸ்பத்திரிப் பதிவுகளை அள்ளிக்கொண்டு போனபோதும் அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் திசு மாதிரிகளையும் குறிப்புகளையும் ஒளித்துக் காப்பாற்றினார்கள். 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ராணுவம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு மேத்யூ மெசல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு அங்கே போய், செத்தவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று விசாரித்தது. வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையிலேயே ஒரே கோடு. அந்தக் கோட்டை நீட்டினால் சுமார் 50 கிலோமீட்டர் வரைக்கும் கிராமங்களில் ஆடு மாடுகள் செத்திருந்தன. ஆடு மாடு என்றதும் எனக்கு அந்த ஊர்க் கால்நடை மருத்துவர்கள் ஞாபகம் வந்தார்கள். எதற்காகச் சாகிறது என்றே தெரியாமல் அவர்களும் பட்டியில் நின்றிருப்பார்கள்.

உயிரி ஆயுதங்களைத் தடை செய்யும் உலக ஒப்பந்தம் 1972இல் கையெழுத்துக்கு வந்து 1975இல் நடைமுறைக்கு வந்தது. சோவியத் நாடும் அதில் இருந்தது. ஒப்பந்தத்தை மீறியது வெளியே தெரியக் கூடாது என்று மூடினார்கள். செத்தது யார்? எதிரி நாட்டில் ஒருவரும் சாகவில்லை. மண்பாண்டத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன சொந்த ஊர்க்காரர்கள் செத்தார்கள்.

கதைக்கு வருவோம். இதைச் சரியாகப் பிடித்த ஒரு விண்வெளித் தொடர் உண்டு, டீப் ஸ்பேஸ் நைன், 1999இல் முடிந்தது. அதில் நல்லவர்கள் பக்கத்து ரகசியப் பிரிவு ஒன்று எதிரி இனத்துக்குள் நோயைப் பரப்புகிறது. எப்படி? தங்கள் பக்கத்திலேயே வேலை பார்க்கும் ஒருவர், எதிரி இனத்தில் பிறந்தவர், அவருக்கே தெரியாமல் அவர் உடம்பில் ஏற்றி விடுகிறார்கள். பிறகு அவருக்கே நோய் முற்றுகிறது. அவருடைய மருத்துவர் பழைய மருத்துவக் கோப்பைக் கேட்கிறார். ரகசியம் என்று மறுக்கிறார்கள். கேட்டீர்களா? கோப்பைக் கேட்கிற மருத்துவர்! இவரைத்தான் நான் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் போர் நோயால் முடியவில்லை. மருந்தை எதிரியோடு பகிர்ந்தபோதுதான் முடிந்தது.

அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், 1894இல், எச். ஜி. வெல்ஸ் ஒரு சின்னக் கதை எழுதினார். கிருமி ஆராய்ச்சியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தவரிடம் ஒரு குப்பியைக் காட்டி, இது காலரா, குடிநீரில் கலந்தால் ஊரே அழியும் என்று பெருமையாகப் பேசுகிறார். வந்தவன் அதைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். உள்ளே இருந்தது காலராவே இல்லை என்று கடைசியில் தெரிகிறது. எல்லாவற்றையும் எல்லோரிடமும் திறந்து காட்டுவதும் ஆபத்துதான் என்று அந்தக் கதை சொல்கிறது. அது நியாயம். அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மூடி வைப்பதால் நல்ல வேலையும் கெடும். 1970களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து கொசு ஆராய்ச்சி நடத்தின. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. மலடாக்கிய ஆண் கொசுக்களை ஹரியானாவின் சோனிபத்தில் விடத் திட்டம். இது கிருமிப் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் சந்தேகம் எழுந்தது. 1975இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கடுமையாகக் கேள்வி கேட்டது. திட்டம் நின்றுபோனது. முதலிலிருந்தே மக்களிடம் வெளிப்படையாகப் பேசியிருந்தால் அந்தச் சந்தேகம் இவ்வளவு வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் சேலத்துக்கு வாருங்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து குருத்தெல்லாம் சுருண்டு போனது ஞாபகம் இருக்கும். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் வரைக்கும் கவலைப்பட்டார்கள். அந்தப் பூச்சியைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடுகை விடச் சின்னது அந்தக் குளவி. அதைக் கொண்டுவந்ததும் விட்டதும் ஊரறிய நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு உயிரைக் கொண்டுவந்து நம் வயலில் விடுவது என்பது கதையில் வருகிற தளபதி செய்கிற அதே வேலைதான். ஆனால் ஏத்தாப்பூரில் அது...

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

வெல்ஸ் கதைக்குப் பதில் தருவதாகச் சொன்னேன். 2011இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் பறவைக் காய்ச்சல் வைரஸை மாற்றி, ஃபெரட் என்கிற கீரி மாதிரியான விலங்குகளிடையே காற்று வழியாகப் பரவும்படி செய்தன. விவரங்களை அச்சிட வேண்டாம் என்று அமெரிக்க ஆலோசனைக் குழு முதலில் கேட்டது. நீண்ட வாதத்துக்குப் பிறகு 2012இல் இரண்டும் அச்சாகின. அந்த வாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: செய்முறை வேறு, செய்தி வேறு. செய்முறையைப் பூட்டி வைக்கலாம். கசிந்துவிட்டது, இன்ன கிருமி, இன்ன மருந்து என்கிற செய்தியைப் பூட்டக் கூடாது. இதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன், ஆட்டுக் கதையிலேயே நேரம் போய்விட்டது.

கதை எழுதும் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை விண்வெளிப் போர் எழுதும்போது தளபதியின் அறையை விட்டு வெளியே வாருங்கள். ஏதோ ஒரு கிரகத்தின் கடைசிக் குடியிருப்பில் ஒரு செவிலியர் இருப்பார். கையில் கறுத்த புண்ணோடு ஒரு பெண் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். "வலிக்கலைங்க" என்பாள். செவிலியர் தலைமையகத்தைக் கூப்பிட்டுக் கேட்பார். அவர்கள் பாம்பு என்பார்கள். அவர் அடுத்து என்ன கேட்கிறார் என்று எழுதுங்கள்.

வணக்கம்.