முற்றம், நிலை, தரை: கட்டும்போது தெரியவரும் குறைகளை எப்படிச் சரிசெய்வது?

[திரையில்: லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) மட்டம் வரை எழும்பிய சுவர்கள், நடுவில் திறந்த முற்றம்]

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பலருக்கும் மூன்று ஆசைகள் உண்டு. நடுவில் ஒரு முற்றம், முகப்பில் பழைய தேக்கு நிலை (வாசற்கால்), தரையில் ஆத்தங்குடி டைல்ஸ். மூன்றும் நல்ல ஆசைகள்தான். ஆனால் பிளான் மட்டும் வழக்கமான வீட்டு அளவுகளில் போடப்பட்டிருக்கும். சுவர் எழும்பிய பிறகுதான் எது எதோடு ஒத்துவரவில்லை என்பது தெரியும். அப்போது என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் முற்றம். அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

[திரையில்: முற்றத்தின் மூலையில் இரண்டு அங்குலக் குழாய் வாய்]

மேலே திறப்பு 120 சதுர அடிதானே என்று கணக்குப் போடாதீர்கள். நான்கு பக்கமும் ஓட்டுக் கூரை உள்ளே சரிந்தால், அந்தத் தண்ணீரும் இங்கேதான் விழும். எல்லாம் சேர்த்து 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் கிட்டத்தட்ட 2,800 லிட்டர். இவ்வளவையும் ஒரே ஒரு இரண்டு அங்குலக் குழாயை நம்பி விட்டிருப்பார்கள். நாலு வேப்பங்கொத்து வந்து அடைத்தால் போதும், தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறிவிடும்.

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பாருங்கள். வீடு தெருவைவிட நன்றாக உயர்ந்திருக்கும். முற்றமோ சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்திருக்கும். அந்த இரண்டு உயர வித்தியாசங்களை வைத்தே தண்ணீரை வெளியேற்றி, ஊருணி வரை கொண்டுபோனார்கள். புது வீட்டில் முற்றம் இரண்டு அங்குலம் மட்டும் தாழ்ந்து, பேஸ்மென்ட்டும் (வீட்டைத் தெருவுக்கு மேல் உயர்த்தும் அடிமேடை) குட்டையாக இருந்தால் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, கிடைக்காது. 100 அடிக்கு 1 அடி வாட்டம் என்று பார்த்தாலே, 40 அடி நீளக் குழாய்க்கு ஏறக்குறைய ஐந்து அங்குல இறக்கம் வேண்டும்.

இதைச் சரிசெய்ய முடியும். முற்றத்தின் தரை பெரும்பாலும் மண் நிரப்பிய இடம், கீழே அறை கிடையாது. அதனால் டைல்ஸ் போடுவதற்கு முன்னால் தோண்டித் தாழ்த்தலாம். இரண்டு மூலைகளில் நான்கு அங்குலக் குழாய் வைத்து, இலை தடுக்கும் சல்லடையும் போட்டுவிடுங்கள். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று இழுக்கும். ஆனால் குழாய்க்காக பிளிந்த் பீமை, அதாவது தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரத்தை, உடைக்கவே கூடாது. அதற்கு அடியில் கொண்டுபோக முடியுமா என்பதை இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியே வரும் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

[திரையில்: சாய்த்து வைத்திருக்கும் பழைய நிலை, பக்கத்தில் அளவு நாடா]

அடுத்தது நிலை. பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் மனசுக்குப் பிடித்த நிலை கிடைத்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் லிண்டலில் இடிக்கும். ஏழடி மட்டத்தில் லிண்டல் ஓடியிருக்கும், நிலையோ எட்டடி. நிலை சின்னதாக இருந்தால் கவலையே இல்லை. மேலே காற்றுச் சட்டம் (வென்டிலேட்டர்) வைத்தோ, செங்கல் கட்டியோ நிரப்பிவிடலாம். பெரிதாக இருந்தால் லிண்டலைக் கொத்தக் கூடாது. மேல் சுவருக்கு முட்டுக் கொடுத்து, உயரத்தில் புது லிண்டல் போட முடியுமா என்று இன்ஜினியர் கணக்குப் பார்க்க வேண்டும். அது சரிப்படாவிட்டால் அந்த நிலையைக் காம்பவுண்டு வாசலில் வையுங்கள். அங்கேயும் அது அழகாகத்தான் இருக்கும். நூறு வருஷத் தேக்கை மட்டும் அறுத்துக் குட்டையாக்கி விடாதீர்கள், எனக்கு அது தாங்காது.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடாமல் கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. தடிமன் சுமார் முக்கால் அங்குலம், அடியில் கலவையும் சேரும். மெல்லிய டைல்ஸுக்காகக் கணக்குப் போட்ட தரை இதனால் உயர்ந்துவிடும். கீழ்த்தளத்தில் உயர்ந்தால் மாடிப்படியின் முதல் படி குட்டையாகும், மேல்தளத்தில் உயர்ந்தால் கடைசிப் படி நெட்டையாகும். வீட்டில் வயதானவர்கள் தடுக்கி விழுவது இப்படிப்பட்ட படிகளில்தான். படிகளுக்குக் கல் ஒட்டும் முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்) பிடித்து, தரை முடியும் மட்டத்தைச் சுவரில் கோடு போடுங்கள். வித்தியாசத்தை எல்லாப் படிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம். கதவு போடுகிற ஆசாரியிடமும் இதே கோட்டைக் காட்டுங்கள்.

[திரையில்: சுவரில் தூக்குக் குண்டு]

குறையைக் காட்டினால், “பூச்சுல சரி பண்ணிக்கலாம் அண்ணே” என்று மேஸ்திரி சொல்வார். சின்ன மேடு பள்ளத்துக்கு அது சரி. பூச்சு அரை அங்குலம், முக்கால் அங்குலம் வரைதான் நிற்கும். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தால், அந்தப் பகுதி வேலையை அன்றைக்கே நிறுத்துங்கள். மற்ற வேலை நடக்கட்டும். எதைப் பிரிப்பது, எதை மாற்றுவது, செலவு யாருடையது என்பதைப் பிளானிலேயே எழுதி, இன்ஜினியர், மேஸ்திரி இருவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு தொடருங்கள். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசியிருந்தால் இது ரொம்ப முக்கியம், மனஸ்தாபம் வருவதே இங்கேதான்.

முற்றத்துக் குழாயை மண் போட்டு மூடும் முன் ஒரு சோதனை. மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். தேங்குகிறதா, எந்த இணைப்பிலாவது கசிகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துக் குழாய் போகும் வழியைப் படம் எடுத்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.