பிரயோஜனம் என்னங்க?

(கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் டூ முடித்த மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கிற பெரியவர்களுக்கும், ரிசல்ட் பார்த்த களைப்பு இன்னும் தீராத தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் ஒருவர் கட் ஆஃப் பற்றிப் பேசினார், இன்னொருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிப் பேசினார். அடுத்து பி.ஏ. தத்துவம் படித்தவர் பேசுவார் என்று சொன்னதும் பின்வரிசையில் நாலு பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். பரவாயில்லை, டீ ஆறிவிடும், தத்துவம் ஆறாது.

இந்தப் படிப்பில் சேரப்போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னது ஒரு மாசி மாதம். எங்கப்பா தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார். கொப்பரைக்கு அடியில் கரும்புச் சோகையைத் தள்ளிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதப் படிச்சு என்னடா பிரயோசனம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. படித்து முடித்த பிறகுதான், அவர் கேட்டதே அந்தப் பாடத்தில் வருகிற கேள்வி என்று புரிந்தது. பிரயோஜனம் என்றால் என்ன, யாருக்கு, எத்தனை காலத்துக்கு? இதை அன்றைக்கே திருப்பிக் கேட்டிருந்தால் கையிலிருந்த கோல் என் முதுகில் விழுந்திருக்கும்.

பெரிய தேடலோடு வருகிறவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும் என்றில்லை. ராதாகிருஷ்ணன் சென்னை கிறித்துவக் கல்லூரியில் இந்தப் பாடத்தை எடுத்ததற்குச் சொல்லப்படும் காரணம் ரொம்பச் சாதாரணமானது. படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பாடப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார், அவ்வளவுதான். நம்மூர்க் கணக்கு! அவரே 1909-ல் மாநிலக் கல்லூரியில் அதே பாடத்தை நடத்தினார், 1962-ல் குடியரசுத் தலைவரானார்.

'தத்துவம்' என்ற சொல்லே நமக்கு ஓர் இடைஞ்சல். "ரொம்பத் தத்துவம் பேசாதே" என்றுதான் அதைப் பயன்படுத்துகிறோம். காலையில் வாட்ஸ்அப்பில் சூரியகாந்திப் பூ படத்தோடு வருகிறதே, அதுதான் தத்துவம் என்று நினைத்துச் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே ஏமாந்துபோவீர்கள். லாஜிக் பாடம் கணக்கு மாதிரியே இருக்கும். அறவியல் இருக்கும், இந்தியத் தரிசனங்கள், அதாவது நம் நாட்டுச் சிந்தனை மரபுகள் இருக்கும், கிரேக்கர்கள் இருப்பார்கள், டெக்கார்ட்டிலிருந்து கான்ட் வரைக்கும் ஐரோப்பியர்கள் இருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே வேலைதான்: ஒருவர் ஒன்றைச் சொன்னால், "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பது.

இது வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. மணிமேகலை ஆண் துறவி வேடம் போட்டுக்கொண்டு வஞ்சி நகரத்தில் பத்துச் சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். வஞ்சி என்பது நம் கரூரா, மேற்குக் கடற்கரையா என்று அறிஞர்களுக்குள் சண்டை. கொங்குக்காரனான நான் கரூர் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆதாரம் கேட்காதீர்கள். கடைசியில் வருகிறவன் பூதவாதி, அதாவது நிலம், நீர் மாதிரியான பூதங்களின் சேர்க்கைதான் எல்லாமே என்கிறவன். கண்ணால் காண்பது மட்டும்தான் செல்லும், அனுமானம், அதாவது ஊகித்து அறிவதெல்லாம் செல்லாது என்கிறான். அவள் சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? அதற்கு அவன் பதில் சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை. எனக்குத் தெரிந்து தமிழில் இவ்வளவு சுருக்கமாக யாரும் யாரையும் மடக்கியதில்லை.

சரி, அனுமானம் என்றால் என்ன? ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வியாபாரி மாதிரியில் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுப்பார். பட்டென்று ஒடிப்பார். உள்ளே நிறம் எப்படி என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார், அந்தச் சத்தத்தையும் காதில் வாங்கியிருப்பார், காய்ச்சல் போதுமா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒரு கை மாதிரியை வைத்து மொத்த மூட்டைகளுக்கும் விலை சொல்லிவிடுவார். மண்டிக்குப் போய்ப் பழகிய என் மாமாவிடம், "ஒடிக்காத மஞ்சளும் இப்படித்தான் இருக்கும்னு எப்படிங்க மாமா தெரியும்?" என்று ஒரு லீவில் கேட்டேன். "இத்தன வருசமா அப்படித்தானே இருந்துச்சு" என்றார். "இத்தன வருசம் இருந்ததால இனியும் இருக்கும்னு எப்படிங்க?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உன்ன மெட்ராசுக்கு அனுப்புனதே தப்பு" என்றார்.

இந்தக் கேள்வியை நான் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் 1739-ல், இருபத்தேழு வயதில் வெளியிட்ட புத்தகத்தில் இருப்பது. இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு, இதுவரை நடந்ததையே சாட்சியாகக் கூப்பிட்டால் அது செக்குமாடு சுற்றுவது மாதிரி. பழக்கத்தால் நம்புகிறோம் என்றார் அவர். இன்றைக்குச் செல்போன் பழைய தரவைப் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்கிறதே, அதற்கு அடியிலும் இதே கேள்வி கிடக்கிறது.

அடுத்தது கொஞ்சம் சூடான விஷயம். கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. வாய்க்கால் நீளம் சுமார் 200 கிலோமீட்டர், பாசனம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல். ஒற்றைப்படை எண் மதகுகளுக்கு ஒரு முறை தண்ணீர், இரட்டைப்படை எண் மதகுகளுக்கு அடுத்த முறை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட வேண்டும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஒரு பக்கம். போடக்கூடாது, கசிவு நீரால்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன, வாய்க்கால் ஓரத்து மரங்கள் நிற்கின்றன என்று இன்னொரு பக்கம். இந்த அரங்கத்திலேயே இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். நான் எந்தப் பக்கம் என்று சொல்லப்போவதில்லை, இரவுக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும்.

அறவியல் வகுப்பில் இதை எப்படி எடுப்பார்கள்? முதலில் கேள்வியைப் பிரிப்பார்கள். ஒருவருக்கென்று விட்ட தண்ணீர் கசிந்து இன்னொருவர் கிணற்றில் ஊறினால், அறுபது வருடத்துக்கும் மேலான பழக்கம் அதை அவருடைய உரிமையாக ஆக்குமா? மொத்த விளைச்சல் கூடி, சிலருடைய கிணறு மட்டும் வற்றினால் அது நியாயமா? மொத்த நன்மைதான் கணக்கு என்கிற ஆங்கிலேயத் தத்துவக்காரர்கள் பெந்தாம், மில் கட்சி ஒன்று சொல்லும். அமெரிக்கர் ஜான் ரால்ஸ் 1971-ல் வேறு ஒரு யோசனை சொன்னார். அதை வாய்க்கால் பாஷையில் சொல்கிறேன்: நீங்கள் தலைமடையில் பிறப்பீர்களா, கடைமடையில் பிறப்பீர்களா, ஆயக்கட்டுக்கு, அதாவது வாய்க்கால் பாசனப் பரப்புக்கு வெளியே கிணற்றடியில் பிறப்பீர்களா என்று தெரியாது. அந்த நிலையில் உட்கார்ந்து தண்ணீருக்கு விதி எழுதுங்கள்.

எங்கள் ஆசிரியர் ஒருவர் இந்த மாதிரிக் கட்டுரைகளுக்குப் பாதி மதிப்பெண்ணை எதிர்க்கட்சிக்கு வைத்திருந்தார். நமக்குப் பிடிக்காத பக்கத்தின் வாதத்தை, அந்தப் பக்கத்து ஆளே படித்துவிட்டு "ஆமா, இதத்தான் நான் சொல்ல வந்தேன்" என்று தலையாட்டும்படி எழுத வேண்டும். எனக்கு முதல் தடவை இருபதுக்கு ஆறு கிடைத்தது. அந்த ஆறு மதிப்பெண் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எல்லா ஆசிரியரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் படித்த இடத்தில் இன்னொருவர் பழுப்பேறிய நோட்டை வைத்துக்கொண்டு மூன்று வருடமும் டிக்டேஷன்தான் கொடுத்தார். சாக்ரடீஸ் கேள்வி கேட்டதற்காக விஷம் குடித்தார் என்று எழுதச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டால் உட்காரச் சொல்வார். அதனால் சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போய், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் வகுப்பு எப்படி என்று விசாரியுங்கள்.

படிப்பு எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருக்காது. தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரியில் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கிறது, அதற்கு 2022-லிருந்து க்யூட் (CUET) என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஏ.எஸ். எழுத நினைப்பவர்களுக்கு: விருப்பப் பாடமாகத் தத்துவம் எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள், அது போக அறவியலுக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாள் 250-க்கு. சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கும் இது நல்ல அஸ்திவாரம். மூன்று வருடம் முடிந்ததும் கையில் வேலை ஆர்டர் வேண்டும் என்கிற குடும்ப நிலைமை இருந்தால், தம்பி, யோசித்துச் சேருங்கள். பொய் சொல்லி உங்களைச் சேர்த்துவிட எனக்குக் கமிஷன் ஒன்றும் கிடையாது.

முடிக்கலாம் என்று பார்த்தேன், மூன்றாவது வரிசையில் அக்கா ஒருவர் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கக்கா.

"பையன் இதப் படிச்சா சாமியாராப் போயிருவானுங்களா?"

எங்கள் வகுப்பில் பதினான்கு பேர், அக்கா. இரண்டு பேர் வக்கீல், நாலு பேர் வாத்தியார், ஒருவன் திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட், மூன்று பேர் பேங்க், இரண்டு பேர் அரசாங்க வேலை, அப்புறம் நான். மிச்சம் ஒருவர் மட்டும் பாதிரியார் ஆனார். அவர் சேரும்போதே குருமடத்திலிருந்துதான் வந்தார்.