பொன் எடுத்த இடத்தில் ஒரு பூ

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, உடல்நலம் குன்றியும் முதல் வரிசைக்கு வந்துவிட்ட மூத்த தொழிற்சங்கத் தோழர்களே, மழையையும் பாராமல் கூடியிருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த நூலகருக்குத் தனி நன்றி.

கோலார் தங்கவயலின் வரலாறு, சயனைடால் பொன்னைப் பிரித்தபின் அங்கே கொட்டிய கழிவுத் தூளாலான சயனைடு மேடு, நம் கோரிக்கை என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

பொன் வைக்கிற இடத்தில் பூ வை என்பார்கள். 120 ஆண்டுகள் பொன் எடுத்த இடத்தில் நாம் ஒரு பூவாவது வைத்தோமா?

1880-ல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் பிழைக்கப் போனார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் அங்கே வந்துவிட்டது, பெங்களூருக்கு 1905-ல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். 2001 பிப்ரவரி 28-ல் எல்லாம் மூடப்பட்டது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிக்கு, ஷாஃப்டுக்கு, மேல் இரும்புக் கோபுரம் துருவேறி நிற்கிறது. சக்கரம் இருக்கிறது, கயிறு இல்லை. கூட வந்த பெரியவர் வேலிக் கம்பியைப் பிடித்தபடி பேச ஆரம்பித்தார். அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்குமாம். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரம் கலகலவென்று ஆடும். பெண்கள் உலையை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அவருடைய அம்மா யார் முகத்தையும் பார்க்கமாட்டாராம். தூசி அப்பிய முகமெல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்? நடையைத்தான் பார்ப்பார். ஒருநாள் முதல் கேஜில் அப்பா இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வந்தார். வந்தவர் அம்மாவிடம் வரவில்லை. கையில் இரண்டு தூக்குச்சட்டி. நேராகப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் ஒன்றை நீட்டினார். "அந்தம்மா அழவே இல்லை சார், மூடியைத் திறந்து சாப்பிட்டிருக்காரான்னு பார்த்தாங்க" என்றார் பெரியவர்.

சயனைடு மேட்டைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. காற்றடித்தால் அந்தத் தூள் சோற்றுத் தட்டு வரை வருகிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். பொன் வைக்கிற இடத்தில் பூ வை. அந்த ஷாஃப்டின் வாசலில் ஒரு கல் வேண்டும். உள்ளே போய்த் திரும்பாத அத்தனை பேரின் பெயரும் அதில் தமிழிலும் கன்னடத்திலும் வெட்டப்பட வேண்டும். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது போயிருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.