ஊர் அமைதி, உதவி தூரம்: லிங்கன்ஷயர் பாதுகாப்பான இடமா?

[திரை: இரவு. ஆளில்லாத சாலை. காரின் முன்விளக்கு வெளிச்சம் மட்டும்.]

2018 பிப்ரவரி. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். இங்கிலாந்தின் கிழக்கே, லிங்கன்ஷயரில், லட்பரோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு கார் விபத்துக்குள்ளாகி நிற்கிறது. போலீஸ் வந்து பார்த்தால் ஓட்டியவரைக் காணோம். உறைய வைக்கும் குளிர். சுற்றிலும் வயல். டார்ச் வெளிச்சத்தில் எவ்வளவு தேடியும் ஆள் தட்டுப்படவில்லை.

அப்புறம் உடல் வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய ட்ரோன் ஒன்றைப் பறக்க விட்டார்கள். கறுத்த வயலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. சுமார் 160 மீட்டர் தள்ளி, ஆறடிப் பள்ளத்தில், நினைவில்லாமல் கிடந்தார் அவர். உயிரோடு மீட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் திருடன் இல்லை, கத்தி இல்லை. இருந்தாலும் இதிலிருந்துதான் தொடங்க நினைத்தேன். வேலை கிடைத்தோ படிக்கவோ லிங்கன்ஷயருக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே குற்றம் அதிகமா, குறைவா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. எனக்கு ஏதாவது ஆனால் யார் கண்ணில் படுவேன்? உதவி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

[திரை: இங்கிலாந்து வரைபடம். கிழக்குக் கடலோரம் நெருங்கி வருகிறது.]

சரி, இடத்தைப் பார்த்துவிடுவோம். ஏறக்குறைய 5,900 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2021 கணக்கெடுப்பின்படி ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பேர் சொச்சம். சதுர கிலோமீட்டருக்கு 130 பேர்தான் வருகிறது. இங்கிலாந்தின் சராசரி 430-க்கும் மேல். லிங்கன், பாஸ்டன், கிராந்தம், ஸ்பால்டிங், ஸ்கெக்னஸ் என்று நகரங்கள் சிதறிக் கிடக்கின்றன. நடுவே கோதுமை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் வயல்கள். இவ்வளவையும் பார்த்துக்கொள்வது ஒரே போலீஸ் படை. ஆள் கணக்குக்கு நாட்டிலேயே மிகக் குறைந்த நிதி பெறும் படைகளில் ஒன்று.

பதிவாகும் குற்றம் இங்கே நாட்டுச் சராசரியை விடக் குறைவு. மறுப்பதற்கில்லை. தெருவில் நடந்து போகும்போது முகம் தெரியாத ஒருவர் உங்களைத் தாக்கும் வாய்ப்பு பெருநகரத்தை விட நிச்சயம் குறைவு. ஆனால் அந்தச் சராசரியை ஊர் ஊராகப் பிரித்துப் பார்க்கும்போது பலர் தடுக்கி விழுகிறார்கள்.

[திரை: பாஸ்டன் நகரம். தூரத்திலிருந்தே தெரியும் உயரமான தேவாலயக் கோபுரம்.]

2016-இன் தொடக்கத்தில் நாட்டின் பெரிய பத்திரிகைகள் பாஸ்டனை "கொலைத் தலைநகர்" என்று எழுதின. கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அவர்கள் கணக்கிட்டது கொலையை மட்டும் அல்ல. கொலை முயற்சிகளும் அந்தக் கூட்டுத்தொகையில் இருந்தன. ஊரின் மக்கள்தொகை எழுபதாயிரத்தை ஒட்டி. இவ்வளவு சின்ன ஊரில் ஒரு கைகலப்பு கொலை முயற்சி வழக்காகப் பதிவானாலே லட்சம் பேருக்கான விகிதம் ஒன்றரை புள்ளி எகிறும். ஓராண்டில் நாலைந்து வழக்கு வந்தால் ஊர் பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு இறங்கிவிடும், ஆனால் அதற்குத் தலைப்புச் செய்தி வராது. சிற்றூர் விகிதத்தை ஓராண்டை மட்டும் வைத்து நம்பாதீர்கள், ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்கெக்னஸ் கதை வேறு. அது கடற்கரைச் சுற்றுலா ஊர். கோடையில் கேரவன் முகாம்கள் நிரம்பி வழியும். குற்றம் எண்ணப்படுவது அத்தனை கூட்டத்துக்கும். வகுக்கப்படுவது குளிர்காலத்திலும் அங்கேயே இருப்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும். விகிதம் ஊதிப் பெருகாமல் என்ன செய்யும்? லிங்கன் நகர மையத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

போலீஸ் இணையதளத்தில் தெருவாரியாகக் குற்ற வரைபடம் இருக்கிறது. வீடு பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத் திறக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள புள்ளி உண்மையான இடம் அல்ல. பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சம்பவத்தையும் அருகிலுள்ள பொதுப்புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அந்தப் புள்ளியின் வட்டாரத்தில் எட்டு முகவரிகளாவது இருக்க வேண்டும், அல்லது ஒன்றுகூட இருக்கக் கூடாது. நகரத்தில் எட்டு முகவரி என்பது தெருவின் ஒரு பக்கம். வயல்காட்டில் எட்டு முகவரி சேர மைல் கணக்கில் போக வேண்டியிருக்கலாம். நீங்கள் வாடகைக்குப் பார்த்த வீட்டு வாசலில் ஒரு புள்ளி இருக்கிறதென்றால், சம்பவம் நடந்தது அடுத்த கிராமத்துப் பண்ணையாகவும் இருக்கலாம்.

[திரை: செப்டம்பர். அறுவடை முடிந்த வெறும் வயல். தூரத்தில் இரண்டு ஜீப்புகள்.]

கிராமத்துக்கே உரிய குற்றங்களும் இருக்கின்றன. அறுவடை முடிந்து வயல் மொட்டையானதும் ஒரு கூட்டம் வந்து இறங்கும். வேட்டை நாய்களை அவிழ்த்துவிட்டு, காட்டு முயலை விரட்ட வைத்து, எந்த நாய் முந்தும் என்று பணம் கட்டுவார்கள். போனில் நேரலையாகக் காட்டி, எங்கோ இருப்பவர்களிடமிருந்தும் பந்தயம் வாங்குவார்கள். ஏதோ முயல் வேட்டைதானே என்று தோன்றலாம். விதைத்த பயிர் மேல் வண்டி ஓடும், வேலி அறுபடும். தட்டிக் கேட்கிற விவசாயிக்கு மிரட்டல், சில சமயம் அடி. தனி வீட்டில் இருக்கிறவருக்கு "உன் வீடு தெரியும்" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனால் அன்றிரவு தூக்கம் வருமா?

இதற்கென்றே ஆபரேஷன் கலிலியோ என்ற பெயரில் லிங்கன்ஷயர் போலீஸ் ஒரு நடவடிக்கை தொடங்கியது. நெடுங்காலம் அவர்கள் கையில் இருந்த சட்டங்களில் ஒன்று 1831-இல் போட்டது. அபராதத்தோடு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். 2022 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், பறிமுதல் செய்த நாய்களைப் பராமரித்த செலவையும் குற்றவாளி தலையிலேயே கட்டலாம். வயல் வாசலில் கான்கிரீட் கட்டைகளும் மரத்தண்டுகளும் குறுக்கே கிடப்பதைப் பார்த்தால் குப்பை என்று நினைக்காதீர்கள். வண்டி நுழையாமல் இருக்க விவசாயி போட்டுக்கொண்ட காவல் அது.

டிராக்டர் கூரை மேல் இருக்கும் ஜிபிஎஸ் கருவி, குவாட் பைக் எனும் நாலு சக்கரப் பண்ணை வண்டி, டீசல் திருட்டும் உண்டு. இவற்றில் ஒரு சங்கதி: பதிவாகாத குற்றத்தையும் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போய்க் கேட்கும் தேசியக் குற்றக் கணக்கெடுப்பு, தொழில் நிறுவனங்களுக்கு எதிரான குற்றத்தைக் கேட்பதில்லை. பண்ணையும் ஒரு தொழில்தானே. ஆகவே கிராமத்தின் பெரிய இழப்பு அந்தக் கணக்கெடுப்புக்குள் வருவதே இல்லை.

[திரை: ஸ்பால்டிங். நீச்சல்குளக் கட்டடம். இசை நிற்கிறது.]

இனி சொல்லப்போவது கனமானது. 2016 ஜூலை 19, ஸ்பால்டிங் நகர நீச்சல்குளத்தின் வாசல். ஐம்பது வயதுத் தாயையும் பத்தொன்பது வயது மகளையும் அந்த வீட்டுத் தந்தையே சுட்டுக் கொன்றார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். மகன்கள் லூக் ஹார்ட்டும் ரயன் ஹார்ட்டும் தாயையும் தங்கையையும் அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

அந்தத் தந்தை அடிக்கிறவர் அல்ல. செலவழிக்கும் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு, யாரைப் பார்க்கலாம் என்பதற்கு அனுமதி, வீட்டில் எப்போதும் ஒரு பயம். அடி விழாததால், இது வன்கொடுமை என்று தங்களுக்கே தெரியவில்லை என்று அந்தச் சகோதரர்கள் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். போலீஸ்காரர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். இப்படிக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டம் 2015 டிசம்பர் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது.

கிராமத்துக் குற்றங்களைத் தடுக்கப் போலீசும் பிற அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் தேசியக் கிராமப்புறக் குற்ற வலையமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, கிராமத்துப் பெண்கள் நகரத்துப் பெண்களை விட நீண்ட காலம் இத்தகைய கொடுமைக்குள் சிக்கிக் கிடக்கிறார்கள், புகார் தருவதும் குறைவு என்றது. ஏன் என்று யோசித்தால் புரியும். பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கார் சாவி கணவன் கையில். டாக்டர், கடைக்காரர், பள்ளி ஆசிரியை எல்லாருக்கும் அவனைத் தெரியும், நல்ல மனிதன் என்றும் சொல்வார்கள். குற்றம் குறைவு என்று காட்டும் அதே அட்டவணையில் இந்த மௌனமும் சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் "அமைதியான ஊர்" என்று முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

[திரை: நேர்கோட்டுச் சாலை, பக்கத்தில் அகன்ற வாய்க்கால்.]

அடுத்து சாலை. பிரிட்டனில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கிராமப்புறச் சாலைகளில்தான் இறக்கிறார்கள். லிங்கன்ஷயரின் தெற்கே சதுப்பை வடித்து உண்டாக்கிய நிலம். சாலை கயிறு பிடித்தாற்போல் மைல் கணக்கில் நேராகப் போகும். திடீரென்று தொண்ணூறு பாகையில் திரும்பும். அடியில் மண் அமுங்குவதால் தார் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஓரத்தில் தடுப்பு இல்லாத ஆழமான வாய்க்கால். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று அர்த்தம், போக வேண்டும் என்று அல்ல. மூடுபனி இரவில் இந்தச் சாலைதான் எந்தத் திருடனையும் விட எனக்குப் பயம் தருகிறது.

போவதாக இருந்தால் இவற்றைச் செய்யுங்கள். உயிர் ஆபத்துக்கு 999, அவசரம் இல்லாத புகாருக்கு 101. வயல் நடுவில் தெருப் பெயர் இருக்காது, ஆகவே உங்கள் இடத்தை மூன்று சொற்களில் தரும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்களோடு கூட்டத்தைப் பார்த்தால் பக்கத்தில் போகாதீர்கள், படம் எடுக்க நிற்காதீர்கள், தள்ளி வந்து 999 அடியுங்கள்.

ஒருவேளை வாய் திறந்து பேச முடியாத நிலை, பக்கத்து அறையில் அவன் இருக்கிறான் என்று வையுங்கள். மொபைலிலிருந்து 999 அடித்து, முடிந்தால் இருமியோ தட்டியோ காட்டுங்கள். அழுத்தச் சொல்லும்போது 55 என்று அழுத்துங்கள். அழைப்பு போலீசுக்குப் போய்விடும். 55 அழுத்திவிட்டதாலேயே உங்கள் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. அதனால் இணைப்பைத் துண்டிக்காமல், அவர்கள் கேட்கும் கேள்விக்குத் தட்டியாவது பதில் சொல்லுங்கள்.