கேட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணாச்சி அவர்களே, அக்கா அவர்களே, இந்த நேரத்திலும் பாளையங்கோட்டையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அயல்நாடுகளோடு அரசு நடத்தும் ரகசியப் பேச்சைப் பற்றி நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கேள்வி கேட்பது நாட்டுக்கு நல்லதா, கெடுதலா? நல்லது என்று பேச வந்திருக்கிறேன்.

அண்ணாச்சி கேட்டாவ: "பேசுனதையெல்லாம் சபையில கொட்டுனா, நாளைக்கு எந்த நாடு நம்மள நம்பிப் பேசும்?" நியாயமான பயம்தான். ஆனால் அதற்கான வேலியை மக்களவை விதிகள் ஏற்கெனவே போட்டிருக்கின்றன. இயல்பிலேயே ரகசியமானதைக் கேள்வியாகக் கேட்க முடியாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகப் பேசும் கேள்விக்கு இடமில்லை. பொதுநலன் கருதிச் சொல்ல இயலாது என்று அமைச்சர் மறுக்கவும் வழி உண்டு. வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கதவைச் சாத்திக்கொண்டுதான் கூடுகிறது. பேச்சு மேசையில் யார் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பெயரால் எதைக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

கேட்டால் பேச்சு முறியும் என்கிறார்களே, ஒன்று சொல்கிறேன். லடாக் பக்கம் நம்முடையது என்று நாம் சொல்லும் அக்சாய் சின் வழியாகச் சீனா 1957-இல் சாலை போட்டு முடித்தது. 1958 அக்டோபரில் நம் அரசு கண்டனக் குறிப்பு கொடுத்தது. அது நாடாளுமன்றத்துக்குத் தெரியாது. 1959 ஆகஸ்டில் சபையில் கேள்விகள் எழுந்தபோதுதான் நேரு அதைச் சொன்னார். செப்டம்பரில் இரு நாட்டுக் கடிதங்களையும் வெள்ளை அறிக்கையாக வெளியிட்டார். பேச்சு நின்றதா? 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டெல்லிக்கே வந்து நேருவோடு பேசினார்!

இப்போது நம்ம கடலுக்கு வருகிறேன். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழியிலிருந்து யாராவது வந்திருந்தால், இது உங்களுக்காகத்தான்.

1974 ஜூனில் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம். கையெழுத்தான பிறகுதான், ஜூலை 23-ஆம் தேதி, வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவைக்கு வந்து சொன்னார். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் எழுந்து எதிர்த்தார்கள். எதிர்ப்பு ஒப்பந்தத்தை மாற்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீன்பிடி உரிமையும் யாத்திரை உரிமையும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்ற உறுதி சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்தும் அதைக் காட்டித்தான் வாதாடுகிறோம்.

1976 மார்ச்சில் என்ன நடந்தது? மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டார்கள். கூடவே இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதத்தில்தான் வந்தது. அப்போது அவசரநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில், பத்திரிகைக்குத் தணிக்கை. தமிழ்நாட்டு அரசை ஜனவரி 31-ஆம் தேதியே கலைத்தாயிற்று. சென்னையில் கேட்கவும் சட்டமன்றம் இல்லை. அன்றைக்குத் தூத்துக்குடியும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். இத்தனை ஊர்க் கடற்கரையின் பிழைப்பைப் பற்றிய முடிவு இரண்டு அதிகாரிகளின் கடிதத்தில் முடிந்துபோனது. வாய் திறந்து கேட்க ஆளில்லாத நேரம் பார்த்து முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது அய்யா!

அக்கா சொன்னாங்க, அதே ஏற்பாட்டில்தானே குமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளக் கடற்பகுதி நமக்குக் கிடைத்தது என்று. கிடைத்தது, உண்மை. லாபம்தான் என்றால் அதைச் சபையில் சொல்லி, கேள்விக்கு நின்று பதில் சொல்வதில் என்ன தயக்கம்? எதற்கு எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை வலையோடு கடலுக்குப் போகிறவன் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருப்பானே!

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் உடன்படிக்கைக்கு செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம் அரசமைப்பில் பொதுவாக அப்படிக் கட்டாயம் இல்லை. அமைச்சரவை முடிவெடுத்துக் கையெழுத்துப் போடலாம். கூடங்குளம் அணுஉலைக்கு 1988-இல் சோவியத்தோடு செய்த ஒப்பந்தமும் அரசுக்கும் அரசுக்கும் நடுவே ஆனதுதான். ஓட்டுப்போட்டுத் தடுக்கும் அதிகாரம் உறுப்பினருக்கு இல்லாத இடத்தில், அவர் கையில் மிஞ்சுவது கேள்வி ஒன்றுதான். அதையும் கெடுதல் என்று தள்ளினால் கூடங்குளம் பக்கத்து ராதாபுரத்துக்காரன் யாரிடம் போய்க் கேட்பான்? நடுவர் அய்யா, இதை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.