இறைத்த கிணறு ஊறும்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளுக்கிடையே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்கும் கொஞ்சம் நேரம் மிச்சம் வைத்துப் பேசி முடித்த பெருந்தன்மைக்குரிய புலவர் ஐயா அவர்களே, பின்னால் சுண்டல் தாளிக்கும் வாசனையையும் மீறி உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த விழாக்குழுவுக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். அருங்காட்சியகங்களும் நூலகங்களும் தம்மிடம் உள்ளதை விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா போன்ற பொதுத்தளங்களுக்கு ஏன் திறந்துவிட வேண்டும் என்பது ஒன்று. பதிப்புரிமைச் சட்டம் இரண்டாவது. தாவரவியல் நிலையங்களில் உறங்கும் உலர்தாவரத் தொகுப்புகள், அதாவது காயவைத்துத் தாளில் ஒட்டிய செடி மாதிரிகள், மூன்றாவது.

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பார்கள். நம் அரசு பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடி வைத்திருந்தது. கழகமும் தமிழ் விக்கிமீடியர்களும் கைகோத்து 2,000-க்கும் மேற்பட்ட நூல்களை விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். திரையில் ஒரு பக்கம் பழைய தாளின் படம், மறுபக்கம் எந்திரம் படித்த எழுத்து. 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து நிற்கும். அதை ஒவ்வொன்றாகத் திருத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். திருத்திய பிறகு அந்த நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கும். படமாகவே கிடந்தால் கிடைக்குமா?

இப்போது ஒரு கதை. போரில் மாண்ட வீரனுக்கு நட்ட எங்கள் பக்கத்து நடுகல் ஒன்று ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எது என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கே போகவேண்டும். வீரன் கையில் வாளும் வில்லும், காலடியில் கிண்டி என்ற மூக்குச் செம்பும் சிமிழும், தலைக்கு மேலே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து. விக்கியில் போட ஒரு படம் எடுக்கலாம் என்று போனேன்.

"கேமரா கூடாது சார்" என்றார் காவலர். அலுவலகத்தில் கேட்டேன், கடிதம் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மறுபடி போனால், கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அந்தக் கல்லே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாமல் எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் வந்திருக்கும்! சோர்ந்து வெளியே வந்தால், அதே கல்லின் முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். காவலரைப் பார்த்தேன். "செல்ஃபி பரவாயில்ல சார், கல்லை மட்டும் எடுக்கக்கூடாது" என்றார். சரி என்று நானும் கல் முன்னால் நின்றேன். எடுத்துப் பார்த்தால், வட்டெழுத்து முழுவதையும் என் தலை மறைத்திருக்கிறது! குனிந்தேன், வீரனின் வாள் போயிற்று. கடைசியில் காவலரே மனமிரங்கி, "நீங்க தரையில உக்காந்துக்கங்க சார், நான் எடுக்கிறேன்" என்றார். அந்தப் படத்தில் கிண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சிமிழ் மாதிரி நான் இருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். யாழ்ப்பாண நூலகத்தில் 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு எரிந்தது. மறுநாளே அங்கத்திய மாணவர்கள், எப்போதோ எடுத்த படமாவது யாரிடமேனும் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். 'புகைப்படம் எடுக்காதீர்' என்று பலகை மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் ரெம்பிராண்ட் ஓவியங்களை அச்சுத் தரத்திலேயே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆனாலும் வாசலில் வரிசை நிற்கிறது. இறைத்த கிணறு ஊறும் ஐயா!

இரண்டாவது, சட்டம். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நம் நாட்டில் நூல் பொதுவுடைமை. எண்ணூறாம் ஆண்டில் கல் வெட்டியவனுக்கு எந்தப் பதிப்புரிமை? அதனால்தான் நம் மாவட்ட நடுகற்களின் படங்களையும், எந்த ஊரில் எப்போது கிடைத்தன என்ற பதிவேட்டையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடக் கோரி மனு தயாரித்திருக்கிறோம். தலைவர் மணி அடிக்கிறார், உலர்தாவரங்கள் அடுத்த ஆண்டுக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. நூலக அலுவலர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால், சுண்டல் வாங்க வரும் எல்லோரிடமும் நானே நின்று வாங்கிவிடுவேன். நன்றி, வணக்கம்.