டம்பிள்வீட்ஸ்: கோப்பை இல்லாத குதிரைப் பந்தயம்

அடுத்த கேள்விக்கு வருவோம். போன வீடியோவில் 'டம்பிள்வீட்ஸ்' என்ற பழைய கௌபாய் படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு ஒரு நேயர் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். "ஊமைப்படம் என்றீர்கள். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு பெரியவர் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார். அப்புறம், கடைசியில் வரும் குதிரைப் பந்தயத்தில் முடியும் இடம் எது, பரிசு என்ன என்று ஒன்றும் புரியவில்லை" என்கிறார்.

முதல் சந்தேகம் சுலபம். படம் வெளிவந்தது 1925 டிசம்பரில். நீங்கள் பார்த்தது 1939-இல் இசையும் ஒலியும் சேர்த்து மறுபடி வெளியிட்ட பிரதி. பேசுகிற பெரியவர்தான் படத்தின் நாயகன், வில்லியம் எஸ். ஹார்ட். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவதுதான் நல்ல கேள்வி. அது மைதானத்தில் நடக்கும் பந்தயமே இல்லை. நிலம் பிடிக்க ஓடுகிற ஓட்டம். அப்படி ஒன்று நிஜமாகவே நடந்தது. அமெரிக்காவில், இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தின் வடபகுதியில், கான்சாஸ் எல்லையை ஒட்டி, செரோக்கி பழங்குடியினருக்கு உரிய 60 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளி இருந்தது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் செரோக்கிகளுக்குக் குத்தகை கொடுத்து அங்கே மாடு மேய்த்தார்கள். அரசாங்கம் 1890-இல் மாடுகளை வெளியேற்ற உத்தரவு போட்டது. குத்தகை வருமானமும் போய்விட்ட செரோக்கிகளிடமிருந்து, பிறகு சுமார் 85 லட்சம் டாலருக்கு அந்த நிலத்தை வாங்கியது. ஏக்கர் ஒன்றரை டாலர்கூட ஆகவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் இந்தப் பக்கத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது எனக்கு ஒரு குறைதான்.

வாங்கிய நிலத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? ஓடிப் போய்ப் பிடித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்! 1893 செப்டம்பர் 16, உச்சிவெயில் 12 மணி. எல்லையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்து நின்றார்கள். துப்பாக்கி வெடித்ததும் குதிரை, கூண்டு வண்டி, சைக்கிள் என்று ஆளுக்கு ஒன்றில் பாய்ந்தார்கள், சிலர் வெறும் காலோட்டமாகவே. 160 ஏக்கர் கொண்ட ஒரு மனையில் யார் முதலில் முளை அடிக்கிறாரோ, அது அவருக்கு. அதனால்தான் முடியும் இடம் என்று ஒன்று உங்கள் கண்ணில் படவில்லை. அவரவர் முளை அடித்த இடத்தில் அவரவர் பந்தயம் முடிகிறது. ஆனால் ஓடியவர்களில் பாதிப்பேருக்குக்கூட நிலம் கிடைக்கவில்லை. மனைகள் அவ்வளவு இல்லை.

இதில் திருட்டுத்தனமும் உண்டு. முந்தின இரவே உள்ளே போய்ப் புதரில் பதுங்கிக்கொண்டு, 12 மணிக்கு எழுந்து நின்று 'நான்தான் முதல்' என்றவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 'சூனர்' என்று பெயர், அதாவது முந்திக்கொண்டவன். அன்று அது வசைச்சொல். இன்று ஓக்லஹோமாவுக்கே 'சூனர் மாநிலம்' என்றுதான் செல்லப்பெயர், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் அதே பெயர். ஏமாற்றியவன் பேரன் பெருமையாகச் சட்டையில் போட்டுக்கொள்கிறான், என்ன சொல்ல!

படத்தின் கதை இங்கேதான் கொக்கி போடுகிறது. நாயகன் டான் கார்வர் வழிதவறிய மாடுகளை ஓட்டிவர உள்ளே போகிறான். அவனையே சூனர் என்று பிடித்து அடைத்துவிடுகிறார்கள். வெடி வெடித்து எல்லோரும் பறந்த பிறகு ஒரு கழியை ஊன்றி வேலியைத் தாண்டிக் குதித்து, குதிரை ஏறுகிறான். கடைசி ஆளாகக் கிளம்பி ஒவ்வொருவராகத் தாண்டுகிறான். வண்டிகள் குடை சாய்கின்றன, புழுதி திரையை மூடுகிறது. அதற்கு நடுவே ஒற்றைக் குதிரை மேட்டில் ஏறிவரும்போது, கால் தரையில் படவே இல்லையோ என்று தோன்றும். அந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். சத்தமே இல்லாமல் எப்படி இவ்வளவு பதற்றம் வருகிறது என்றால், ஓட்டத்தைவிட அதற்கு முந்தைய காத்திருப்பைத்தான் கவனிக்க வேண்டும். வரிசையாக முகங்கள், அசையாத வண்டிகள். அந்த அமைதிக்குப் பிறகு பாய்ந்தால் எதுவும் வேகமாகத்தான் தெரியும். அன்றைய தியேட்டரில் திரைக்கு முன் உட்கார்ந்து இசைக்கருவி வாசிப்பவர்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

'டம்பிள்வீட்' என்பது காய்ந்ததும் வேரறுந்து காற்றில் உருண்டுபோகும் செடி. நம் கடற்கரையில் இராவணன் மீசை உருளுமே, அந்த மாதிரி. ஊர் தங்காத கௌபாய்களை அப்படிச் சொல்கிறது படம். மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டுவிட்டால் கௌபாய்க்கு வேலை இல்லை. ஆக, டான் கார்வர் ஜெயிக்க ஓடுகிற பந்தயம் அவன் பிழைப்பையே முடித்துவைக்கிற பந்தயம். மாடுகள் கடைசியாக வெளியேறும்போது கௌபாய்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். அதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை.

சரி, அந்தப் பெரியவர். இந்தப் படம் எடுக்கும்போதே ஹார்ட்டுக்கு 60 வயது. இதற்குப் பிறகு அவர் நாயகனாக நடிக்கவே இல்லை. ஜிகினாச் சட்டையும் குதிரை வித்தையுமாக டாம் மிக்ஸ் என்ற இன்னொரு கௌபாய் நடிகர் ஓடிக்கொண்டிருந்த காலம். ஹார்ட்டின் இறுகிய முகத்துக்கு மவுசு குறைந்துவிட்டது. 1939-இல் கலிபோர்னியாவில், நியூஹாலில் உள்ள தன் பண்ணையில் நின்று, 74 வயதில் பேசுகிறார். முகத்தில் அறையும் காற்று, பின்னால் துரத்திவரும் குளம்போசை, படம் எடுத்த நாட்களின் சிலிர்ப்பு என்று சொல்லிக்கொண்டே போகும்போது குரல் உடைகிறது. மேடை நாடகத்திலிருந்து வந்தவர் என்பதால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். பலர் அதை ஓட்டிவிட்டு நேரே படத்துக்குப் போகிறார்கள். நீங்கள் படத்தை முதலில் பார்த்துவிட்டு, அந்தப் பேச்சைக் கடைசியில் போட்டுப் பாருங்கள். அடுத்த கேள்வி.